சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

திருப்போரூர்,
9-1-2002.

அன்புத் தம்பி தனகோடிக்கு,

அக்கா விஜயகுமாரி எழுதுவது. அந்தக் குளிரில் நீ காய்ச்சல், இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கந்தசாமி கோயிலில் வேண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். பொங்கலுக்கு லீவு இல்லை என்று எழுதியிருந்தாய். எல்லையில் பட்டாளத்தைக் கொண்டுபோய் நிறுத்தியிருப்பதை டிவியிலும் காட்டினார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவனை எதற்கு எல்லையில் நிறுத்த வேண்டும்? நான் கேட்டால் யார் பதில் சொல்லப்போகிறார்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். உன் மாமாவும் நலம் என்று எழுதினால் அது பொய். ஆடி மாதம் லாரி கவிழ்ந்து வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்களே, அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் திரும்பவில்லை. கேட்டால் 'உம்', கொடுத்தால் 'வேணாம்'. செயற்கைக் காலுக்கு அளவெடுக்க டாக்டர் வரச்சொல்லி எவ்வளவோ நாளாகிறது. போக மாட்டேன் என்கிறார். வாசல்படியைத் தாண்டுவதே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மனுஷனோடு ஒரே வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. இவர் இப்படியே போய்விடுவாரோ என்று தோன்றுகிறது.

போன வாரம் ஒன்று நடந்தது. லாரி முதலாளி பார்த்தசாரதி காரைக் கொண்டுவந்து, தூக்காத குறையாக இவரைப் பொத்தேரியில் தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு கம்ப்யூட்டர். அதில் லாரி ஓட்டும் விளையாட்டு. கால் வேண்டாம், நாலு பட்டன் போதும். இவரை உட்கார வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று நான் கூப்பிட்டபோது, "இரு, லோடு எறக்கிட்டு வரேன்" என்றார். காலை எடுத்த பிறகு அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு. நான் அழுதுவிடுவேன் என்று சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டேன்.

ஆகவே கம்ப்யூட்டர் வாங்கப்போகிறேன். புதிது கட்டாது. உதிரி உதிரியாகப் பழசு வாங்கிப் பூட்டினால் முடியும் என்று முதலாளி சொன்னார். பூட்டத் தெரிந்தவன் என் தம்பி. பூட்டுகிற கை என்னிடம் இருக்கிறது. என் தையல் மிஷினைக் கழற்றி மாட்டுவது நான்தான் என்று உனக்குத் தெரியும். விளையாட்டு சிடியை முதலாளி கொடுத்துவிட்டார். அட்டையின் பின்னால் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: பென்டியம், ராம் 32, விண்டோஸ் 98. இதற்கு என்னென்ன வேண்டும் என்று எழுது. சிரிக்காமல் எழுது.

உன் அக்கா,
விஜயா.


முகாம்,
29-1-2002.

அன்பு அக்காவுக்குத் தனகோடி வணக்கத்துடன் எழுதுவது.

நான் சுகம். இங்கே காலையில் பக்கெட் தண்ணீரின் மேல் கண்ணாடி போல ஐஸ் கட்டுகிறது. நீ வேண்டிக்கொண்டதால் மூக்கு இன்னும் முகத்தில் இருக்கிறது. எங்கே இருக்கிறேன் என்று கேட்காதே, எழுதக் கூடாது.

சிரிக்கவில்லை அக்கா. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எங்கள் பிரிவில் டிப்ளமோ படித்தவனே பெட்டியைத் திறக்கப் பயப்படுவான். நீ திறக்கிறேன் என்கிறாய்.

நீ எழுதியதைப் பார்த்தால் அது லேசான விளையாட்டு. அதற்கு மாட்டுவண்டி போதும், கடைக்காரன் ஏரோப்பிளேனை உன் தலையில் கட்டப் பார்ப்பான். பட்டணத்தில் ரிச்சி தெருவுக்குப் போ, கம்ப்யூட்டர் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். படம் காட்டும் வசதி போர்டிலேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. இருந்தால் தனியாகக் கார்டு வேண்டாம். பழைய செலரான் சிப் போதும். ராம் மட்டும் 32 என்பதை 64 ஆக வாங்கு. பணத்தை அதில் போட்டால் வீண் போகாது. ஹார்ட் டிஸ்க் பழசே போதும், ஆனால் ஓடவிட்டுக் காதில் வைத்துக் கேள். கடகடவென்று சத்தம் வந்தால் திருப்பிக் கொடு. விண்டோஸையும் கடையிலேயே ஏற்றித் தரச் சொல். கரண்ட் கொடுக்கும் பெட்டியை மட்டும் புதிதாக வாங்கு. நம் ஊர் கரண்ட் உனக்குத் தெரியும்.

வாங்கியதும் எழுது. அவசரப்பட்டுப் பூட்டாதே. மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். பதிலுக்கு 'உம்' என்றாலும் சொல்.

தம்பி,
தனகோடி.


திருப்போரூர்,
20-2-2002.

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. பக்கெட்டில் ஐஸ் என்று படித்ததிலிருந்து இங்கே வெந்நீரில் குளிக்கவே கூச்சமாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ரிச்சி தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவில் புடவை கட்டிக்கொண்டு ராம் கேட்டவள் அன்றைக்கு நான் ஒருத்திதான் போலிருக்கிறது. ஒருத்தர் நான் வழி தவறி வந்துவிட்டேன் என்று நினைத்துப் பஸ் ஸ்டாண்டுக்குக் கைகாட்டினார். கடைக்காரர் நீ சொன்ன மாதிரியே தனிக் கார்டு ஒன்றை எடுத்து வைத்தார். அது இல்லாவிட்டால் விளையாட்டு இழுத்து இழுத்து ஓடும் என்றார். "எங்க வூட்டுக்காரரு ஓட்டறது லாரி, ராக்கெட் இல்ல" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள், கார்டு உள்ளே போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் மூன்றைக் காதில் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். நாலாவது, எண்ணெய் போட்ட மிஷின் மாதிரி ஓடியது.

எல்லாவற்றையும் பழைய புடவைகளில் சுற்றி, மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் இரண்டு டிக்கெட் கேட்டார். குழந்தை என்றேன்.

இவர் பார்த்தார். எப்போதும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தவர் அன்று மாலை மூட்டைப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். சீக்கிரம் எழுது.

அக்கா.


முகாம்,
7-3-2002.

அக்காவுக்கு வணக்கம். நலமாக இருக்கிறேன், நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. மானிட்டருக்குக் குழந்தை டிக்கெட் என்றதும் எங்கள் சுபேதார், "உன் அக்காவைப் பட்டாளத்தில் சேர்த்துவிடு" என்றார்.

இனி கவனமாகப் படி. கரண்டைப் பிடுங்கிவிட்டு வேலை செய். முதலில் இரும்பு ஜன்னலைத் தொட்டுவிட்டு அப்புறம் போர்டைத் தொடு. சிப்பின் ஒரு மூலை வெட்டியிருக்கும், போர்டிலும் அதே மூலை இருக்கும். இரண்டையும் பொருத்தினால் தானாக உட்காரும், அழுத்தாதே. அப்புறம் முக்கியமானது: மேலே ஃபேனை மாட்டுவதற்கு முன்னால் சிப்பின் நடுவில் சந்தனம் வைப்பது போல ஒரு பொட்டு வைக்க வேண்டும். மறந்தால் எல்லாம் கெட்டது. ராமை இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்து. பட்டை ஒயரில் சிவப்புக் கரை எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம் ஒன்று என்று போர்டில் எழுதியிருக்கும் பக்கத்தோடு சேர வேண்டும். புடவைக் கரையே உனக்குத் தலைகீழாகாது, இதுவும் ஆகாது.

இந்த முறை படமும் போட்டு அனுப்புகிறேன். பூட்டி முடித்து முதல் வெளிச்சம் வந்ததும் எனக்கு எழுது.

தனகோடி.


திருப்போரூர்,
30-3-2002.

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. உனக்கும் அங்கே குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

வெளிச்சம் வந்துவிட்டது. ஒரே தரத்தில் வந்தது. நான் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் திரையில் எழுத்து ஓடுகிறது. இவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒரு பேஜாரு. விளையாட்டு கொஞ்ச நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு பெட்டி அப்படியே செத்துப்போகிறது. ஆறவிட்டுப் போட்டால் மறுபடியும் ஓடுகிறது, மறுபடியும் சாகிறது. இவர் லாரியைத் திருவண்ணாமலை வரை கொண்டுபோன மாதிரி மும்முரமாக இருக்கும்போது நின்றுவிடுகிறது. இரண்டு முறை பட்டனைத் தள்ளிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

நீ சொன்னதில் ஒன்றையும் நான் விடவில்லை. ஜன்னலைத் தொட்டேன், மூலை பார்த்தேன், கரை பார்த்தேன். நல்ல நாள் பார்த்து, கல்லில் சந்தனம் இழைத்து, சிப்பின் நடுவில் வைத்தேன். நீ சந்தனம் மட்டும்தான் சொன்னாய், நான் குங்குமமும் வைத்தேன். பட்டாளத்துக்குப் போயும் என் தம்பி பூஜையை மறக்கவில்லை என்று மனசு நிறைந்தது. பெட்டி ஓடும்போது வீடு முழுக்கச் சந்தன வாசனை வருகிறது, கோயிலுக்குள் இருப்பது போல இருக்கிறது. ஆனால் வாசனை வரவரத்தான் நின்றுபோகிறது. சிப் போய்விட்டதா? உண்மையைச் சொல்.

அக்கா.


முகாம்,
13-4-2002.

அன்பு அக்கா,

புத்தாண்டு வாழ்த்து. நலம். ஆனால் சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது, அந்தப் பழி உன்னைச் சேரும்.

தப்பு என்னுடையது. 'சந்தனம் வைப்பது போல' என்று எழுதினேனே தவிர, எதை வைக்க வேண்டும் என்று எழுதவில்லை. அதற்கென்று வெள்ளையாக ஒரு பேஸ்ட் விற்கிறது. சின்ன டியூப். சிப்பின் சூட்டை மேலே இருக்கும் அலுமினியத்துக்குக் கடத்துவது அதன் வேலை. சந்தனம் ஈரமாக இருக்கும்வரை சூட்டைக் கடத்தியிருக்கிறது. காய்ந்ததும் சிப் சூடாகித் தானாக நின்றிருக்கிறது. எங்கள் பிரிவில் இத்தனை பேர் இத்தனை வருஷமாகக் கம்ப்யூட்டர் பார்க்கிறோம், சந்தனத்தில் ஓடிய பெட்டியை யாரும் பார்த்ததில்லை. அதுவும் முதல் தரத்திலேயே பூட்டி, வெளிச்சம் வரவைத்திருக்கிறாய். நான் பயிற்சியில் மூன்றாவது தரத்தில்தான் வரவைத்தேன். இதை யாரிடமும் சொல்லாதே.

சிப் போகவில்லை. ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, அந்த டியூபை வாங்கிப் பொட்டு வை. குங்குமம் வேண்டாம்.

மாமா திரும்பி உட்கார்ந்துவிட்டார் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சீக்கிரம் செய். வெளியே போகும் வேலை கொடுத்திருக்கிறார்கள், கடிதம் கொஞ்சம் தாமதமாகலாம்.

தனகோடி.


திருப்போரூர்,
6-5-2002.

அன்புத் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? வெளியே வேலை என்றால் என்ன வேலை? வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

பெட்டி ஓடுகிறது. நாள் முழுக்க ஓடினாலும் நிற்பதில்லை. வாசனைதான் போய்விட்டது.

உன் மாமா ஓட்டுவதை நீ பார்க்க வேண்டும். விளையாட்டில் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. அது முடிவதற்குள் லோடை இறக்கினால் பாயின்ட். இவர் இதுவரை ஒரு பாயின்ட்கூட வாங்கவில்லை. வளைவு வந்தால் மெதுவாகிறார். பள்ளம் வந்தால் நிற்கிற மாதிரி போகிறார். பின்னால் வண்டி வந்தால் ஓரம் கட்டி வழி விடுகிறார். திரையில் நேரம் முடிந்தது என்று சிவப்பாக வருகிறது. கொஞ்சம் வேகமாகப் போங்களேன் என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். திரும்பி என்னைப் பார்த்தார்.

"மாமல்லபுரத்துல சிலை ஏத்திகினு எவனாவது வெரட்டுவானா? ஒரு பள்ளத்துல தூக்கிப் போட்டா வெரலு பூடும், மூக்கு பூடும். நேரம் ஆச்சுன்னா அது கத்திகினு கெடக்கட்டும். நம்ம லோடு முழுசா எறங்கணும்."

தம்பி, வைக்கோல் திணித்துக் கட்டிய கல்சிலையை ஒரு கீறல் இல்லாமல் ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கியவர் இவர். வரதன் வண்டி கிடைத்தால்தான் அனுப்புவோம் என்று சிற்பிகள் நாள் கணக்கில் காத்திருந்தார்கள். கவிழ்ந்த அன்றைக்கும் எதிரே தப்பாக வந்த வண்டிக்கு இடம் விட்டுத்தான் கவிழ்ந்தார். காலைப் பார்த்துப் பார்த்து நான் அந்த மனுஷனை மறந்தே போயிருந்தேன். இப்போது நாலு பட்டனில் அவரைப் பார்க்கிறேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

லாரி ஸ்டாண்டிலிருந்து டிரைவர்கள் வருகிறார்கள். எந்த வளைவில் எந்த கியர் என்று சண்டை போடுகிறார்கள். இவரும் பதிலுக்குப் பேசுகிறார். ஆனால் அளவெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "இதுல ஓட்டறதுக்கு எதுக்குக் காலு" என்கிறார். வாசல்படி தாண்டுவது இன்னும் இல்லை. சுவருக்குப் பதிலாக மானிட்டரைப் பார்க்க வைத்துவிட்டேனோ என்று சில நேரம் தோன்றுகிறது. நீ சொன்னால் கேட்பார். ஒரு வரி எழுது.

அக்கா.


திருப்போரூர்,
24-6-2002.

தம்பி தனகோடிக்கு,

நான் எழுதி எத்தனை நாளாயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் வேறு தெரு வழியாகப் போகிறார். முகாம் மாறியிருக்கும், கடிதம் சுற்றிக்கொண்டு இருக்கும் என்று இவர் சொல்கிறார். எனக்குச் சமாதானம் சொல்லும் அளவுக்கு இவர் பேசுகிறார் என்பதை உனக்குச் சந்தோஷமாக எழுத வேண்டியவள், அழுதுகொண்டு எழுதுகிறேன். ஒரு கார்டில் 'சுகம்' என்று மட்டும் போடு, போதும்.

அக்கா.


14-7-2002.

அன்பு அக்காவுக்கும் மாமாவுக்கும்,

தனகோடி எழுதுவது. உன் இரண்டு கடிதமும் சேர்ந்து கிடைத்தன. சுகமாக இருக்கிறேன், பயப்படாதே. என்னை இடம் மாற்றியிருக்கிறார்கள். இப்போது உட்கார்ந்து பார்க்கும் வேலைதான். மேஜை இல்லாமல் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். சாப்பாடு நன்றாக இருக்கிறது.

மாமா சிலை லோடு ஓட்டுவதைப் படித்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். இங்கே படிக்க நேரம் நிறைய இருக்கிறது.

மாமாவிடம் ஒன்று கேட்டுச் சொல். எங்கள் பிரிவில் ஒருவனுக்குக் காலில் அடி, எடுத்துவிட்டார்கள். அவனுக்காகக் கேட்கிறேன். இல்லாத காலில் சுண்டுவிரல் அரிக்குமா? அரித்தால் மாமா என்ன செய்தார்? காலையில் தூக்கக் கலக்கத்தில், கால் இருக்கிற நினைப்பில் கட்டிலிலிருந்து இறங்கி விழுந்தது உண்டா? அந்த நினைப்பு எப்போது போகும்? யாராவது பார்க்க வந்தால் போர்வையை எங்கே இழுத்துக்கொள்வது என்று தெரியாமல் அவன் தவிக்கிறான். வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை அவனுக்கு. மாமா சொன்னால் அவனுக்குத் தெம்பாக இருக்கும்.

கம்ப்யூட்டருக்குத் தூசு தட்டு. ஃபேனில் நூல் சிக்காமல் பார்த்துக்கொள், தையல் வீடு.

தனகோடி.


திருப்போரூர்,
2-8-2002.

என் கண்ணான தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று கந்தசாமிக்குத் தேங்காய் உடைத்தேன். உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்த புண்ணியவான் நன்றாக இருக்க வேண்டும். எழுத்து கோணினால் என்ன, வந்ததே போதும்.

அந்தப் பையனைப் பற்றி இவருக்குப் படித்துக் காட்டினேன். பாவம், யார் பெற்ற பிள்ளையோ. இவர் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டு, மறுபடியும் படி என்றார். படித்தேன். கவரை வாங்கித் தபால் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு மாசத்துல எல்லாம் சரியாப் பூடும்னு எழுது" என்றார். அதைத்தான் எழுதுகிறேன், அந்தப் பையனிடம் சொல்.

ஆனால் அன்றிலிருந்து இவர் பெட்டியைத் தொடவில்லை. பழையபடி ஆகிவிட்டாரோ என்று பயமாக இருக்கிறது. நேற்று என்னிடம் ஒரு இன்லண்டு லெட்டர் வாங்கி வரச் சொன்னார். யாருக்கு என்று கேட்டால், "வாங்கிகினு வா" என்கிறார்.

அக்கா.


திருப்போரூர்,
4-8-2002.

மச்சான் தனகோடிக்கு வரதன் எழுதறது.

எனக்கு லெட்டர் எழுதிப் பழக்கமில்ல. பேசற மாதிரியே எழுதறேன்.

உங்க அக்கா எழுதினதுல ஒண்ணு பொய். அவ மேல தப்பில்ல, நான் சொன்னதை எழுதினா. ஒரு மாசத்துல சரியாவாது. சுண்டுவெரலு எனக்கு இன்னும் அரிக்குது. இருக்கிற கால்ல அதே எடத்துல சொறிஞ்சா அடங்கும். இதை நான் டாக்டருக்குக்கூடச் சொல்லல. காலையில எழுந்து நாலு தபா வுழுந்துட்டேன். இப்ப கட்டில்ல உக்காந்து தொடையை ஒரு தட்டு தட்டிட்டு எறங்கறேன், வுழறதில்ல. போர்வை விஷயம் எனக்கும் தெரியல. நான் அரை வருஷமா செவுரைப் பாத்துகினு உக்காந்தேன், அதுவும் போர்வைதான்.

கூட இருக்கிறவனுக்கு இந்தக் கேள்வி வராது மச்சான். உங்க அக்கா ராத்திரி பகலா என் கூடத்தான் கீறா, ஒரு நாளும் அவ இதைக் கேக்கல. கால் போனவனுக்குத்தான் சுண்டுவெரலு ஞாபகம் வரும். கவர் மேல புனே முத்திரை கீது. பட்டாளத்துக்காரங்களுக்குக் கால் பண்ற ஆஸ்பத்திரி அங்க கீதுன்னு எங்க டாக்டரு எப்பவோ சொன்னாரு.

எப்படி ஆச்சுன்னு கேக்க மாட்டேன். நீ எப்ப சொல்லணுமோ அப்ப சொல்லு.

இன்னிக்குக் காலையில விஜயாகிட்ட சொல்லிட்டேன். சொல்லாம இருந்தா அவ என்னை மன்னிக்க மாட்டா. அழுதா. இப்ப துணி மடிச்சுகினு கீறா. லாரி ஸ்டாண்டுக்கு வந்திருந்த முதலாளிகிட்ட நானே போய் ரயில் டிக்கெட் எடுக்கச் சொல்லிட்டு வந்தேன். ஸ்டாண்டு வரைக்கும் குச்சி ஊணிகினு நடந்தேன், கையெல்லாம் கொப்புளம். நாளைக்கு அளவெடுக்கப் போறேன். உன் கண்ணு முன்னாடி ஒழுங்கா நிக்கணும் இல்ல.

வந்து ஒரு வாரம் இருப்போம். உன் உடம்பைப் பாத்துக்கோ, சாப்பாடு வேணாம்னு சொல்லாதே.

ஒண்ணு மட்டும் எழுது. எந்தக் காலு? எனக்கு ஆக்சிலேட்டர் காலு பூட்ச்சு. உனக்குக் கிளட்ச் காலா இருந்தா, ரெண்டு பேரும் சேந்து ஒரு லாரி ஓட்டலாம்.

வரதன்,
டிரைவர்.